நெல் அளப்பதுபோல் மூச்சை எண்ணுங்கள்

களத்துமேட்டில் நெல் அளப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குரல் மறக்காது. முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று சொல்ல மாட்டார்கள், ‘லாபம்’ என்பார்கள். எங்கள் ஊரில் அடுத்த மரக்கால் நிறையும்வரை ‘லாபம்... லாபம்...’ என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். பிறகுதான் ‘ரெண்டு’.

கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் ‘விசுத்திமக்க’த்தை எழுதிய புத்தகோசர், மூச்சைக் கவனிக்கப் புதிதாக உட்காருபவருக்கு தானியம் அளப்பவரைத்தான் காட்டுகிறார். அளப்பவர் நாழியை நிரப்பி ‘ஒன்று’ என்று கொட்டுகிறார். மறுபடி நிரப்பும்போது குப்பை தென்பட்டால் அதைப் பொறுக்கி எறிந்தபடியே ‘ஒன்று, ஒன்று’ என்கிறார். மூச்சையும் அந்த நிதானத்தில் எண்ண வேண்டுமாம். அளவையின் பெயர் பாலியில் நாளி, நம் நாழியேதான். புத்தகோசர் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததைத் தம் உரைநூல் ஒன்றின் முடிவில் குறித்து வைத்திருக்கிறார். இந்தக் காட்சியை அவர் எந்தக் களத்தில் கண்டாரோ, காஞ்சிக்குப் பக்கத்தில் என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கும்.

எண்ணுவதற்கு அவர் வரம்பும் கட்டுகிறார். ஐந்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் நெருக்கமான பட்டியில் அடைத்த மாடுகள்போல மனம் முட்டி மோதும். பத்தைத் தாண்டக் கூடாது; தாண்டினால் மனம் மூச்சை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

மூச்சுப் பயிற்சி என்றதும் நமக்குப் பிராணாயாமம்தான் நினைவுக்கு வருகிறது. இழுப்பது, அடக்குவது, விடுவது எல்லாவற்றுக்கும் அதில் மாத்திரைக் கணக்கு உண்டு. பௌத்தத்தின் ஆனாபானசதி வேறு வழியில் தொடங்குகிறது. மூச்சு நீளமாக வந்தால் நீளம் என்று தெரிந்திருக்க வேண்டும். குட்டையாக வந்தால் குட்டை என்று தெரிந்திருக்க வேண்டும். அதைத் திருத்தும் வேலை இல்லை. சதிபட்டான சூத்திரத்தில் புத்தர் இதற்குக் கடைசல்காரரை உவமை சொல்கிறார். நீள இழுப்பானாலும் சிறு இழுப்பானாலும், இன்னது செய்கிறோம் என்று தெரிந்தே இழுக்கிறவர் அவர்.

இந்த வேறுபாடு எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று. ஒருநாள் மருத்துவமனை வராந்தாவில் காத்திருந்தேன். உள்ளே அம்மாவுக்கு அறுவை சிகிச்சை. மூச்சை நிதானப்படுத்தப் போராடப் போராட நெஞ்சு இன்னும் இறுகியது. போராட்டத்தை விட்டுவிட்டு, இது குட்டை மூச்சு, இதுவும் குட்டை என்று பார்க்க மட்டும் தொடங்கினேன். ஏழெட்டு மூச்சில் தோள்கள் இறங்கின. பயம் போய்விடவில்லை. ஆனால் நர்ஸ் வந்து சொன்னது முழுதாகக் காதில் விழுந்தது.

உடம்பிலும் இதற்குக் காரணம் இருக்கிறது. மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணியும். வேகஸ் நரம்பின் வேலை அது. தொந்தரவு செய்யாமல் கவனித்தால் மூச்சு பெரும்பாலும் தானே நீள்கிறது.

நாற்காலியிலேயே உட்காரலாம். மூக்கு நுனியில் காற்று உரசும் இடத்தில் கவனத்தை வையுங்கள். மனம் கரண்ட் பில்லுக்கும் பழைய சண்டைக்கும் ஓடும். ஓடியது தெரிந்ததும் மறுபடி ‘ஒன்று’. அப்படித் தெரிந்துகொள்கிற நொடியைத் தோல்வி என்று எண்ணிவிடாதீர்கள். பயிற்சியின் உயிரே அங்கேதான் இருக்கிறது. ஆஸ்துமாவோ கடும் பதற்றமோ உள்ள சிலருக்கு மூச்சைக் கவனிப்பதே மூச்சு முட்டலைக் கூட்டலாம். அவர்கள் தரையில் பதிந்த பாதங்களைக் கவனிக்கட்டும்.

வியட்நாமியத் துறவி திக் நியாட் ஹான் பிரான்சில் 1982-இல் நிறுவிய பிளம் வில்லேஜில், தொலைபேசி மணி அடித்தால் கையில் இருக்கும் வேலையை நிறுத்தி மூச்சைக் கவனிப்பார்கள். எடுத்துப் பேசுவது அதற்குப் பிறகுதான். நம் கைபேசி ஒரு நாளில் எத்தனை முறை அடிக்கிறது!

ஒரு மழைக்காலத்தில் புத்தர் இச்சானங்கலக் காட்டில் மூன்று மாதம் தனித்திருந்தார். சாப்பாடு கொண்டுவருபவரைத் தவிர யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஞானம் பெற்று முடித்தவர்தான். திரும்பி வந்ததும் சீடர்களிடம் ஒன்று சொன்னார்: மழைக்காலம் முழுக்க கோதமர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பிற நெறித் துறவிகள் கேட்டால், பெரும்பாலும் மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தார் என்று பதில் சொல்லுங்கள்.