ஒரிஜினலா? திருட்டா? – கம்ப்யூட்டருக்கு ஓ.எஸ். மாற்றும் முன்…



"விண்டோஸ் 10-க்கு இனிமே அப்டேட் வராதாமே, 11 போடணுமா?" என்று நம் வகுப்பில் பலரும் கேட்கிறார்கள். எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான். நான் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஓ.எஸ். என்றால் என்ன?

ஆபரேட்டிங் சிஸ்டம். தமிழில் இயங்குதளம். கீபோர்டு, திரை, மெமரி எல்லாவற்றையும் வேலை வாங்குவது இதுதான். இது இல்லாத கம்ப்யூட்டர் டிரைவர் இல்லாத பஸ் மாதிரி.

ஏன் மாற்ற வேண்டும்?

இயங்குதளத்தில் அவ்வப்போது ஓட்டைகள் தெரியவரும். கம்பெனி அதை அடைத்து அப்டேட் அனுப்பும். விண்டோஸ் 7-க்கு 14.1.2020 அன்றும், விண்டோஸ் 10-க்கு 14.10.2025 அன்றும் இந்த வழக்கமான அப்டேட் நின்றது. (பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் 10-க்கு மேலும் ஓராண்டு என்று அறிவித்தார்கள்.)

ஓட்டைதானே என்று விட்டால் என்ன ஆகும்? 2017 மே மாதம் வன்னாகிரை என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டி, திறக்க 300 டாலர் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரி வேலையே நின்றுபோனது. இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் மாதமே வந்துவிட்டது! போடாமல் விட்டவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள்.

எங்கள் வீட்டில் நடந்தது

அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப் எங்களிடம் இருக்கிறது. இரண்டு வருடம் முன்பு அது ரொம்ப ஸ்லோவாக ஓடியது. அப்பா ஒரு கடையில் கொடுத்தார். "ஐந்நூறு ரூபா குடுங்கண்ணே, எல்லாம் புதுசாப் போட்டுத் தரேன்" என்றார்கள். போட்டது திருட்டுக் காப்பி. அது ஓடுவதற்காக ஆன்டிவைரஸையும் நிறுத்திவிட்டார்கள். ஒரே மாதத்தில் எந்தப் படமும் திறக்கவில்லை. பாட்டியின் கடைசிப் படங்கள் அதில்தான் இருந்தன. வேறு எங்கும் காப்பி இல்லை. அம்மா அன்று சாப்பிடவே இல்லை.

பிறகு எங்கள் சார் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார். விண்டோஸோடு வரும் லேப்டாப்பில் பெரும்பாலும் ஒரிஜினல் லைசென்ஸ் எண் மதர்போர்டிலேயே பதிந்திருக்குமாம். அதே பதிப்பைத் திரும்பப் போட்டால் தானாகவே ஏற்றுக்கொள்ளும். எங்களுடையதிலும் இருந்தது! கடையில் வேறு பதிப்பைப் போட்டதால்தான் திருட்டு வழி தேவைப்பட்டது. கையில் சாவியை வைத்துக்கொண்டே பூட்டை உடைத்திருக்கிறோம்.

நீங்கள் பார்க்க வேண்டியவை

1. முதலில் படங்கள், பாடங்கள் எல்லாவற்றையும் பென் டிரைவில் காப்பி எடுங்கள்.

2. மெஷின் தாங்குமா என்று பாருங்கள். விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி, பட்டியலில் உள்ள பிராசஸர் வேண்டும். எல்லாம் இருந்து, உங்கள் விண்டோஸ் 10 ஒரிஜினலாகவும் இருந்தால் 11-க்கு மாறுவது இலவசம். கடைக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

3. லைசென்ஸ் வாங்கினால் கேட்டு வாங்குங்கள். மெஷினோடு வரும் ஓ.இ.எம். லைசென்ஸ் அந்த மெஷினுக்கு மட்டும். தனியாக வாங்கும் ரீடெய்ல் லைசென்ஸை வேறு மெஷினுக்கு மாற்றிக்கொள்ளலாம். பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

4. திருட்டுக் காப்பி குற்றம். 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் 63பி பிரிவில், தெரிந்தே பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு.

5. காசில்லையா? லினக்ஸ் இருக்கிறது. 1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் தொடங்கியது. யாரும் இலவசமாகப் போடலாம், நண்பர்களுக்கும் கொடுக்கலாம். நம் நாட்டு பாஸ் லினக்ஸை உருவாக்கியது சென்னை சி-டாக் நிறுவனம். ஆனால் விண்டோஸுக்காக எழுதிய சில புரோகிராம்கள் இதில் ஓடாது. அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் லேப்டாப்பின் பிராசஸர் பட்டியலில் இல்லை. அதனால் லினக்ஸ் போட்டோம். தமிழில் டைப் செய்யலாம், பாடம் பார்க்கலாம். "திருட்டுப் பொருள் வீட்ல இல்லைங்கறதே நிம்மதி" என்கிறார் அப்பா.

பாட்டி படம் திரும்ப வராது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். நண்பர்களே, உங்கள் வீட்டுப் படங்களையாவது இன்றைக்கே ஒரு காப்பி எடுத்து வையுங்கள்!

– 9-ஆம் வகுப்பு மாணவி