பத்துப் பேர் பலம் தந்த பாட்டு

2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கொவிட்-19 காரணமாகப் பலரும் வீட்டுக்குள் முடங்கியிருந்தபோது, கைப்பேசிகளில் ஒரு பழைய கடல் பாட்டு ஒலிக்கத் தொடங்கியது. ஸ்காட்லாந்து அஞ்சல்காரர் நேத்தன் எவன்ஸ் டிக்டாக்கில் பாடிய ‘வெல்லர்மேன்’ பாடலுடன், முன்பின் அறியாதவர்கள் தங்கள் குரலையும் இசைக்கருவியையும் சேர்த்துக்கொண்டே போயினர். மார்ச் மாதம் அதன் நடன இசை வடிவம் பிரிட்டிஷ் பாடல் வரிசையில் முதலிடம் பிடித்தது.

நியூசிலாந்துத் திமிங்கில வேட்டைக்காரர்களின் கதை சொல்லும் பாட்டு அது. எனினும், கண்டிப்பான பொருளில் அது ‘ஷான்டி’ அன்று. மாலுமிகள் வேலை செய்துகொண்டே பாடியதுதான் ஷான்டி. ஓய்வுநேரத்தில் பாடியவை வேறு வகை.

வேலைக்கு ஏற்ற தாளம்

19ஆம் நூற்றாண்டின் வணிகப் பாய்மரக் கப்பல்களில் ஆட்கள் குறைவு, வேலை அதிகம். கனமான பாயை மேலே ஏற்ற, எல்லாரும் ஒரே நொடியில் கயிற்றை இழுக்க வேண்டும். ‘ஷான்டிமேன்’ ஓர் அடி எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் பல்லவியைப் பாடி, அழுத்தம் விழும் இடத்தில் சேர்ந்து இழுப்பார்கள்.

நங்கூரம் தூக்கப் பெரிய உருளையைச் சுற்றி நடந்து தள்ள வேண்டும். அதற்கு நடைக்கேற்ற சீரான தாளம். கப்பலுக்குள் கசியும் நீரை இறைப்பதற்கு வேறு பாட்டு. நல்ல பாட்டு ஒன்று பத்து ஆள் பலத்துக்குச் சமம் என்பது மாலுமிகளின் கணக்கு.

இங்கிலாந்து, அயர்லாந்துப் பாடல்களோடு, அமெரிக்கத் தென்பகுதித் துறைமுகங்களில் பஞ்சு மூட்டை ஏற்றிய கறுப்பினத் தொழிலாளர்களின் பாடல்களும் இவற்றில் கலந்துள்ளன.

பாட்டாய்ச் சொன்னால் குற்றமில்லை

கெட்டுப்போன உணவு, சொற்பச் சம்பளம், கடுமையான கப்பல் தலைவர். இவற்றைப் பற்றி நேருக்கு நேர் முறையிட்டால் தண்டனை கிடைக்கலாம். அதையே பாட்டில் சொன்னால் அதிகாரிகள் பெரும்பாலும் காதில் வாங்காததுபோல் இருந்துவிடுவார்கள். பயணத்தின் கடைசி வேலையின்போது பாடும் ‘லீவ் ஹெர் ஜானி’ அப்படிப்பட்டது. உற்சாகமான மெட்டுக்குள் மாதக்கணக்கில் அடக்கிவைத்த ஆதங்கம் இருக்கும்.

நீராவிக் கப்பல்கள் வந்ததும் இயந்திரமே கயிற்றை இழுத்தது. பாட்டுக்குத் தேவையில்லாமல் போனது. 1914ல் செசில் ஷார்ப் என்ற நாட்டுப்பாடல் தொகுப்பாளர், இங்கிலாந்தின் வாட்செட் ஊரில் ஜான் ஷார்ட் என்ற முதிய மாலுமியிடம் கேட்டுக்கேட்டுப் பாடல்களை எழுதிக்கொண்டார். பாய்மரக் கப்பலில் ஷான்டிமேனாக இருந்த ஸ்டான் ஹியூகில், 1961ல் பெரிய தொகுப்பு நூலையே வெளியிட்டார். இவர்கள் எழுதி வைக்காவிட்டால் பல பாடல்கள் பாடியவர்களோடு போயிருக்கும்.

நம் கரையிலும் உண்டு

கரைவலை இழுக்கும் தமிழ் மீனவர்களின் ‘அம்பா’ பாடல்களும் இதே முறைதான். ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று சேர்ந்து இழுப்பார்கள். வலையை இயந்திரம் இழுக்கும் இடங்களில் அந்தக் குரலும் ஓய்ந்து வருகிறது. கடலோர ஊரிலிருந்து வந்த தாத்தா, பாட்டி வீட்டில் இருந்தால், அவர்களுக்குத் தெரிந்த அம்பாவைக் கைப்பேசியில் பதிவுசெய்து வைக்கலாம். ஷார்ப் செய்ததும் அதுதானே!

கேட்டுப் பார்க்க விரும்புவோர், கார்ன்வால் கடலோர ஊரான போர்ட் ஐசக்கின் ‘ஃபிஷர்மேன்ஸ் ஃபிரெண்ட்ஸ்’ ஆண்கள் குழுவின் பாடல்களிலிருந்து தொடங்கலாம். முதல்முறை கேட்கும்போது, கயிற்றை இழுக்கும் இடம் எது என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சில பாடல்களில் குடியும் கொச்சையும் உண்டு; முன்கூட்டியே கேட்டுத் தேர்ந்தெடுப்பது நல்லது. பிறகு பல்லவியை எல்லாருமாகச் சேர்ந்து பாடலாம். குரல் வளம் தேவையில்லை, ஒன்றாக மூச்சுவிடத் தெரிந்தால் போதும்.