காசை அளக்கும் பெட்டி

கம்பத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ரயில் நிலையங்களில் காசு போட்டால் எடை அடித்த அட்டை தருமே, அந்த இயந்திரம் ஒன்று பழைய இரும்புக் கடையில் கிடக்கிறதாம். வாங்கிச் சீர்செய்து, அட்டைக்குப் பதில் ஏலக்காய்ப் பொட்டலம் விற்கலாமா என்று கேட்கிறார்.

பழைய இயந்திரத்துக்குத் தாராளமாகப் புது வேலை தரலாம். அமெரிக்காவில் கிளார்க் விட்டிங்டன் என்ற கலைஞர் 1997இல் பழைய சிகரெட் இயந்திரத்தில் கலைப்பொருட்களை வைத்து விற்கத் தொடங்கினார். ‘ஆர்ட்-ஓ-மேட்’ என்ற பெயரில் அது இன்றும் நடக்கிறது. நம் கோயம்பேட்டில் 2022இல் 10 ரூபாய்க்கு மஞ்சப்பை தரும் இயந்திரம் வந்தது. ஆனால் அட்டை தள்ளும் பொறியில் பொட்டலம் சிக்கிக்கொள்ளும். அட்டையையே வைத்துக்கொள்ளுங்கள். அதில் முன்பு சினிமா நட்சத்திரத்தின் படம் இருந்த பக்கத்தில் சுருளி அருவியையும் திராட்சைப் பந்தலையும் உள்ளூர் ஓவியர்கள் வரையட்டும்.

என்னை மயக்குவது அதன் காசுப் பொறிதான். போடியில் ஏலக்காயைச் சலித்துத் தரம் பிரிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இதுவும் ஒரு சல்லடைதான். பெரிய காசு வாயிலேயே நின்றுவிடும். சின்னது வழியில் உள்ள இடைவெளியில் நழுவித் திரும்பி வந்துவிடும். சரியான விட்டமுள்ள காசு ஒரு சின்னத் தராசில் விழும். எடை போதுமானால் தராசு சாயும், பூட்டு விலகும். வெளிநாட்டுப் பழைய இயந்திரங்களில் கூடுதலாக ஒரு காந்தம் இருக்கும், இரும்பு வில்லையைப் போட்டு ஏமாற்றுபவரைப் பிடிக்க. அதை இங்கே கொண்டுவந்தால் நம் ஒரு ரூபாயையே பிடித்து நிறுத்திவிடும். 1992 முதல் நம் ஒரு ரூபாய் காந்தத்தில் ஒட்டும் எஃகில்தான் அடிக்கப்படுகிறது.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். 1992இல் வந்த எஃகு ஒரு ரூபாயின் விட்டம் 25 மி.மீ., எடை 4.85 கிராம். 2011இல் வந்த இரண்டு ரூபாய்க்கும் அதே விட்டம், அதே எடை! இந்தப் பொறிக்கு இரண்டும் ஒன்றுதான். 2019 வரிசையின் ஐந்து ரூபாயும் 25 மி.மீ.தான், எடை மட்டும் கூடுதல். மதுரை-போடி மீட்டர்கேஜ் ரயில் 2010 கடைசியில் நின்றபோது புதிதாக அடித்த ஒரு ரூபாய் 25 மி.மீ. இருந்தது. 2023இல் அகலப்பாதையில் ரயில் போடிக்குத் திரும்பியபோது அது 20 மி.மீ. ஆகியிருந்தது. காசு இப்படி மாறிக்கொண்டே இருந்தால் எந்தப் பெட்டி தாங்கும்? பழுதென்று ஒதுக்கப்படும் பெட்டிகளில் பலவற்றுக்கு ஒரு கோளாறும் இருக்காது. அவற்றுக்குத் தெரிந்த காசுதான் புழக்கத்தில் இல்லை.

இது புரியாமல் பொறியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, க்யூஆர் தாள் ஒட்டி ‘புதுப்பித்துவிட்டோம்’ என்கிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. நல்ல லேத் பட்டறைக்காரர் ஒருவர் போதும், காசு வழியைப் புதிய அளவுக்கு மாற்றித் தருவார். தராசின் எதிர் எடையையும் அதற்கேற்பச் சரிசெய்துவிடலாம்.

வாசகரே, எந்தக் காசுக்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பெட்டி 25 மி.மீ. ஒரு ரூபாய்க்கு அமைந்ததாக இருந்து, 2019 வரிசையின் ஐந்து ரூபாயைத் தேர்ந்தெடுத்தால், காசு வாயில் அதன் தடிமன் நுழைகிறதா என்று பார்த்துவிட்டு எதிர் எடையைக் கூட்டினால் போதும். எடை காட்டிக் காசு வாங்குவதால் முத்திரை ஆய்வாளரிடம் முத்திரை பெறுவதும் அவசியம். கடைக்காரர் அதை உடைத்துவிடும் முன் போய் வாங்கிவிடுங்கள்.