வாடகைக் கருவிகளுக்கு விளம்பரம் செய்வதால் பலன் உண்டா?

நமது ஜில்லாவின் சமவெளிக் கிராமங்களில் டிராக்டர், விசைத் தெளிப்பான், கதிரடிக்கும் இயந்திரம் முதலியவற்றை வாங்கி, தம் சொந்த நிலத்து வேலை போக எஞ்சிய காலத்தில் வாடகைக்கு விடும் குடியானவர்கள் பலர் இருக்கின்றனர். தென்னை ஏறுதல், பம்புசெட்டு பழுதுபார்த்தல் ஆகிய வேலைகளை ஏற்று நடத்துவோரும் உளர். கடனில் வாங்கிய கருவி கொட்டகையில் நின்றாலும் தவணை நிற்பதில்லை. ஆகவே வேலை தேடும் பொருட்டு இவர்கள் நூதனமான விளம்பர முறைகளில் பணம் செலவிடுகின்றனர். அச்செலவு மீளுமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இம்முறை யாது?

பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் பெருந்தொகை கொடுத்துச் செய்யும் விளம்பரம் சிறு தொழிலாளிக்கு எட்டாது. சிறிய செலவில், எதிர்பாராத இடத்தில், மக்கள் கண்ணிலும் நினைவிலும் படும்படி செய்யும் உபாயங்களுக்கு, 1984-ல் ஜே கான்ராட் லெவின்சன் என்னும் அமெரிக்கர் தாம் எழுதிய நூலில் ‘கெரில்லா மார்க்கெட்டிங்’ என்று பெயரிட்டார். பெரும் படையை எதிர்த்து நிற்க இயலாத சிறு படை மறைந்திருந்து தாக்குவது போன்றது என்பது பொருள். பெயர் புதிதாயினும் செய்கை நமக்குப் பழையதே. ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரிகளின் உடலெங்கும் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதப்பட்டிருப்பதை யாவரும் கண்டிருப்பர். லாரி செல்லும் வழியெல்லாம் விளம்பரம். அதற்குத் தனி வாடகை இல்லை.

அறிந்த உதாரணங்கள்

திண்டுக்கல் நகரில் 1957-ல் நாகசாமி நாயுடு அவர்கள் தொடங்கிய உணவகத்துக்கு ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல் என்று பெயர். அவர் எப்பொழுதும் தலைப்பாகை அணிந்திருந்தமையால், ஜனங்கள் கடையையும் தலைப்பாக்கட்டி என்றே வழங்கினர். இன்று அப்பெயரே பல ஊர்களில் விளங்குகிறது. தலைப்பாகைக்கு ஆன செலவு அற்பம். ஆயினும் சோறு சுவையற்றிருப்பின் அத்தலைப்பாகையை ஒருவரும் நினைவில் வைத்திருக்கமாட்டார்கள் என்பதை மறத்தலாகாது.

இதற்கு மறுபுறத்தையும் இதே நகரில் காணலாம். திண்டுக்கல் பூட்டின் புகழ் நாடெங்கும் அறிந்தது; 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. எனினும் இயந்திரத்தில் செய்த மலிவான பூட்டுகளும் அலிகார் பூட்டுகளும் சந்தையை நிறைத்தமையால் கைத்தொழிலாளரின் தொகை குறைந்துவிட்டது. புகழ் இருந்தும் விலையும் வேலையாட்களும் ஒத்துவராவிடில் தொழில் தளரும் என்பதற்கு இது சாட்சி.

விவசாயத் துறையிலும் ஓர் உதாரணம் உண்டு. 1960-களில் ஆடுதுறை 27 என்னும் நெல்லைத் திருச்சி வானொலி பரப்பியது. தஞ்சைக் குடியானவர்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்தனர். செய்தி காதில் விழுந்ததோடு, அண்டை வயலில் பயிர் கண்ணுக்கும் தெரிந்ததே அந்நெல் வேரூன்றக் காரணமாயிற்று.

கணக்கு

விளம்பரத்தின் பலனைக் கணிக்கையில் பலர் வாடகைத் தொகை முழுவதையும் வரவாக எழுதிக்கொள்கின்றனர். இது பிழை. உதாரணத்துக்கு, மணிக்கு ரூ.1,000 வாடகை வாங்கும் டிராக்டருக்கு டீசல், ஓட்டுநர் கூலி, தேய்மானம் ஆகியவை ரூ.750 என்று வைத்துக்கொள்வோம். நிகரமாக நிற்பது ரூ.250 மட்டுமே. துண்டுப் பிரசுரத்துக்கும் பெயர்ப்பலகைக்கும் ரூ.4,000 செலவிட்டால், அதை மீட்க 4 மணி நேர வேலை போதாது. 16 மணி நேரம் வேண்டும். அதுவும் விளம்பரமின்றியே வந்திருக்கக்கூடிய வேலையாக இருத்தல் கூடாது. புதிதாக வந்த வேலையாக இருத்தல் வேண்டும்.

சோதனைப் பாத்தி முறை

புதிதாக வந்த வேலை எது என்பதை அறிவது எங்ஙனம்? உரத்தின் பலனை அறிய ஒரு பாத்தியில் உரமிட்டு, மற்றொன்றை இடாமல் விட்டு ஒப்பிடுகிறோமல்லவா? அம்முறையே இங்கும் ஏற்றது. மண்ணும் பயிரும் ஏறக்குறைய ஒத்த இரண்டு கிராமங்களைத் தேர்ந்து, ஒன்றில் மட்டும் விளம்பரம் செய்க. முன்மாதம் இரண்டிலும் 20 மணி நேரம் வேலை கிடைத்ததென்றும், விளம்பரத்துக்குப்பின் ஒன்றில் 32, மற்றதில் 27 மணி நேரம் கிடைத்ததென்றும் கொள்வோம். கூடிய 12 மணியில் 7 மணி மழையாலும் பருவத்தாலும் வந்தது. விளம்பரத்தால் வந்தது 5 மணியே. மாதந்தோறும் இவ்வளவு நீடித்தால் நான்காம் மாதத்தில் முதல் மீளும்; ஒரு மாதத்தோடு நின்றுவிட்டால் நஷ்டமே. இத்துடன், வேலைக்கு அழைக்கும் ஒவ்வொருவரிடமும் “யார் சொல்லி அறிந்தீர்கள்?” என்று கேட்டுக் குறிப்பேட்டில் எழுதி வருதல் அவசியம்.

பருவம் அறிந்து செய்தல்

புரட்டாசி, ஐப்பசியில் மழை விழுந்தவுடன் எல்லா டிராக்டர்களுக்கும் வேலை தானே வருகிறது. அப்பொழுது விளம்பரம் செய்பவர், வர இயலாத இடங்களுக்கெல்லாம் வாக்குக் கொடுத்து, ஈரம் போகும்வரை காக்கவைத்துக் கெட்ட பெயரையே சம்பாதிப்பார். வேலை குறைந்த மாசி முதல் சித்திரை வரையிலான காலமே விளம்பரத்துக்கு உகந்தது. கோடை உழவால் களை வேர்களும், மண்ணிலுள்ள கூட்டுப்புழுக்களும் வெயிலில் அழிவதும், முதல் மழை நீர் நிலத்தில் இறங்குவதும் நாம் அறிந்ததே. சாலையோரமுள்ள ஒரு குடியானவர் நிலத்தில் பாதியை மட்டும் உழுது, மறுபாதியை அப்படியே விட்டு, அங்கு ஒரு சிறு பலகை வைத்தால், முதல் மழைக்குப்பின் அந்நிலமே பேசும். இதற்கு ஆவது சில மணி நேர டீசல் செலவே.

கிராம அதிகாரிகள் கவனத்துக்கு

மலிவான விளம்பரம் பிறருக்குத் தீங்காதல் கூடாது. சாலையோரப் புளியமரங்களில் ஆணியடித்துத் தகடு மாட்டுவதால் பட்டை காயப்பட்டு, பூஞ்சணமும் பூச்சியும் புக வழியாகிறது. பொதுவிடங்களை அலங்கோலமாக்குவதைத் தடுக்க 1959-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. ஆதலால் எந்தச் சுவரில் எழுதுமுன்னும் உரிமையாளரின் சம்மதத்தையும் ஊராட்சியின் அனுமதியையும் பெறுதல் நலம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி விளம்பரம் கூடாது. தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்துமாறு 2022-ல் அரசு அறிவுறுத்தியிருப்பதால் அதனை நாடுதலும் தகாது.

முடிவு

நூதன விளம்பரம் வேலையில் ஒழுங்குள்ளவருக்கு, ஓய்ந்த பருவத்தில், சிறு செலவில் செய்தால் பெரும்பாலும் பயன் தரும்; குறித்த நாளில் வாராதவருக்கு அவருடைய குறையை ஊரறியச் செய்வதே அதன் பலனாகும். எனவே கருவி வைத்திருப்போர் முதலில் குறிப்பேடு ஒன்றைத் தொடங்கி, ஒரு கிராமத்தில் சிறு தொகையைச் செலவிட்டுச் சோதித்து, மிச்சம் கண்ட பின்னரே பிற கிராமங்களுக்கு விரிவாக்குதல் புத்திசாலித்தனமாகும்.