இசைத்தட்டும் இல்லத்துச் செலவும்

குமாரலிங்கபுரம் போன்ற நம் கரிசற்காட்டு ஊர்களில் இசைத்தட்டுகள் ஒருகாலத்தில் பெரும்பாலும் ஒலிபெருக்கிக்காரரின் பெட்டிக்குள்தான் இருந்தன. கொடியேற்றத்துக்கும் மணவீட்டுக்கும் அவர் வருவார், ஊரே கேட்கும். 78 சுற்றுத் தட்டு ஏறத்தாழ மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். 1948இல் வெளிவந்த நெடுந்தட்டோ ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேலும் பாடும்.

இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் மாதச் சந்தா செலுத்திக் கேட்கின்றனர். மாதம் 120 ரூபாய் எனக் கொண்டாலும் பத்தாண்டுகளில் 14,400 ரூபாய்! கையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. குடும்பச் சந்தா ஒன்றிருக்க, நால்வரும் தனித்தனியே செலுத்துவானேன்?

ஆதலால் தட்டுக்கே திரும்புவோமா என்போர் சற்றுப் பொறுக்கவேண்டும். புதிய நெடுந்தட்டு ஒன்றே 2,000 ரூபாயைத் தாண்டுவதுண்டு. வைர ஊசியும் ஆயிரம் மணி நேரத்துக்குள் தேய்ந்துவிடக்கூடும். சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ்க் கிடந்தால் தட்டு நெளிந்துபோகும்.

பாட்டனாரின் தட்டுகள் பரணில் உறங்கும் வீடுகளுக்கு மட்டும் நாம் வேறு சொல்வோம். அவற்றை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்; செங்குத்தாய் நிறுத்தி வையுங்கள். 78 சுற்றுத் தட்டுக்கு அகன்ற முனையுள்ள ஊசி தேவை. அதைக் கேட்டறிந்தே கருவி வாங்குங்கள். ஞாயிறு மாலை செபமாலைக்குப் பின் வீட்டார் அனைவரும் கூடிக் கேட்பதற்கு அச்செலவு தகும். தட்டைத் திருப்பிப் போடும் வேலையைப் பேரப்பிள்ளைகளிடம் விடலாம். ஊசியைப் பெரியவர்களே வைக்கட்டும்.