பச்சை தெரிகிறது, மண் நின்றதா?

சீனாவின் மஞ்சள் நதிக்கு அந்தப் பெயரைத் தந்தது மண். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆண்டுக்குச் சராசரியாக 160 கோடி டன் வண்டலை அது சுமந்து வந்தது. அதில் ஒரு பங்கு கடலுக்குப் போனது. மீதி படுகையிலேயே படிந்து படிந்து, கீழ்ச் சமவெளியில் சுற்றியுள்ள ஊர்களின் தரைமட்டத்தைவிட உயரத்தில் ஆறு ஓடும் நிலை வந்துவிட்டது. அங்கே கரை உடைந்தால் என்ன ஆகும் என்பதைச் சீன வரலாறு திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறது.

அந்த மண்ணில் பெரும்பங்கு வந்தது நதியின் நடுப்பகுதியில் இருக்கும் காற்றடி வண்டல் பீடபூமியிலிருந்து. பரப்பளவு சுமார் 6.4 லட்சம் சதுர கிலோமீட்டர். ஏறக்குறைய ஐந்து தமிழ்நாடு அளவு. பாலைநிலக் காற்று லட்சக்கணக்கான ஆண்டுகளாக வாரிக்கொண்டு வந்து கொட்டிய மாவு போன்ற மண் இது. பல இடங்களில் 100 மீட்டருக்கும் மேல் ஆழம். மண்வெட்டியால் குடைந்து அதற்குள்ளேயே வீடு அமைத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். ஆனால் கோடையில் கொட்டும் சில பெருமழைகள் போதும், உழுத சரிவுகள் கரைந்து ஓடைகளில் இறங்கிவிடும்.

படிக்கட்டு வயல்களும் ஓடைகளுக்குக் குறுக்கே தடுப்பணைகளும் அங்கே பல பத்தாண்டுகளாகக் கட்டப்பட்டு வந்தன. 1999-இல் அரசு இன்னொரு வழியையும் தொடங்கியது. 25 பாகைக்கு மேல் செங்குத்தான சரிவில் உழுவதை விட்டு, புல்லோ மரமோ வளர்க்கும் விவசாயிக்கு, ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் 1,500 கிலோ தானியமும் கொஞ்சம் பணமும் கொடுத்தது. வயிற்றுக்கு வழி செய்துவிட்டுத்தான் வயலைக் கேட்டது என்பது இந்தத் திட்டத்தின் பெரிய பலம்.

பலன் கிடைத்ததா என்று இத்தனை பெரிய நிலத்தில் நடந்து போய்ப் பார்க்க முடியாது. செயற்கைக்கோளைத்தான் கேட்க வேண்டும்.

இலையில் உள்ள பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை இலை திருப்பி வீசும். வெறும் மண்ணில் இந்த இரண்டுக்கும் இவ்வளவு வேறுபாடு இருக்காது. இரண்டையும் அளந்து ஒப்பிட்டால், ஒரு துண்டு நிலம் எவ்வளவு தழைத்திருக்கிறது என்று ஓர் எண் கிடைக்கும். 1972 முதல் லாண்ட்சாட் செயற்கைக்கோள் வரிசை எடுத்த படங்கள் சேமிப்பில் இருக்கின்றன. 2015-இல் வந்த சென்டினல்-2, பத்து மீட்டர் அளவு வரை துல்லியமாகப் பார்க்கிறது. இத்தகைய படங்களைக் கொண்டு செய்த கணக்கின்படி, பீடபூமியில் தாவரப் போர்வை 1999-இல் 31.6 சதவீதமாக இருந்து 2013-இல் 59.6 சதவீதமாக உயர்ந்தது. பதினான்கே ஆண்டுகளில் ஒரு நிலம் ஏறக்குறைய இரு மடங்கு பசுமையாவது சாதாரணச் செய்தி அல்ல.

ஆனால் விண்கலம் கண்டது இலையை. மண் எவ்வளவு தங்கியது என்பது இனிமேல் போட வேண்டிய கணக்கு.

அந்தக் கணக்குக்கு உலகம் முழுவதும் பயன்படும் சூத்திரம், அமெரிக்க வேளாண் அறிஞர்கள் வால்டர் விஷ்மையரும் டுவைட் ஸ்மித்தும் உருவாக்கியது. மழையின் அடி, மண்ணின் இயல்பு, சரிவின் நீளமும் செங்குத்தும், தாவரப் போர்வை, வரப்பு போன்ற காப்பு வேலைகள் ஆகியவற்றைப் பெருக்கினால் மண் இழப்பு வரும். போர்வையைச் செயற்கைக்கோள் சொல்லும். சரிவை 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் விண்வெளி ஓடம் பதினொரு நாள் ரேடாரால் அளந்த நில உயர வரைபடம் சொல்லும்.

சிக்கல் சூத்திரத்தின் பிறப்பில் இருக்கிறது. அது அமெரிக்காவின் மென்சரிவு வயல்களைப் பார்த்து எழுதப்பட்டது. செங்குத்துச் சரிவுக்கு ஏற்றபடி சீன விஞ்ஞானிகள் அதைத் திருத்த வேண்டியிருந்தது. ஓடைக்கரை இடிந்து விழுவதை அது கணக்கில் கொள்வதே இல்லை. இந்தப் பீடபூமியிலோ அந்த இடிகரைகளும் வண்டலில் கணிசமான பங்கு தருகின்றன. இன்னொரு பொறியும் உண்டு. ஜூலையில் எடுத்த படத்தில் சரிவில் நிற்கும் சோளமும் பச்சை, புல்வெளியும் பச்சை. வசந்தத்தின் தொடக்கப் படத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் உழுத நிலம் வெறுமையாக இருந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஒரே படத்தை நம்பித் தீர்ப்பு எழுதும் அறிக்கைகளைச் சந்தேகத்தோடு படிக்க வேண்டும்.

அதனால் தரையில் சாட்சி தேடினார்கள். ஒரு சாட்சி விசித்திரமானது. 1950, 60-களில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் உலகெங்கும் மழையோடு இறங்கி, களிமண் துகள்களில் ஒட்டிக்கொண்டது. கலையாத மேட்டில் அது எவ்வளவு இருக்கிறது, பக்கத்துச் சரிவில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளந்தால், இடையில் போன மண் தெரிந்துவிடும். தடுப்பணைகளின் பின்னால் வெள்ளத்துக்கு ஒன்றாகப் படிந்த மண்ணடுக்குகள் மற்றொரு பதிவேடு.

மூன்றாவது சாட்சி நதி. 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் அதன் வண்டல் பழைய அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. முழுப் புகழையும் மரங்களுக்குக் கொடுத்துவிட முடியாது: தொடக்கத்தில் குறைத்தவை பெரும்பாலும் அணைகளும் படிக்கட்டு வயல்களும், தாவரம் தன் பங்கைச் சேர்த்தது பிற்பாடு.

இதற்கு ஒரு விலையும் இருக்கிறது. மழை குறைந்த அந்த மண்ணில் பிளாக் லோக்கஸ்ட் போன்ற மரங்களை நெருக்கமாக நட்ட இடங்களில், வேர்கள் ஆழத்து ஈரத்தை உறிஞ்சிவிட்டன. மேலும் பசுமையாக்கினால் மனிதருக்கு வேண்டிய தண்ணீர் குறையும் எல்லையைப் பீடபூமி நெருங்கிவிட்டதாக 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று எச்சரித்தது. மண்ணின் ஈரத்தை அளக்கும் செயற்கைக்கோள்கள் இருக்கின்றன. அவை எட்டுவது மேலே உள்ள சில சென்டிமீட்டர்தான். மரத்தடியில் பல மீட்டர் ஆழத்தில் காய்ந்து கிடக்கும் அடுக்கைப் பார்க்க, இன்றும் துளைக்கருவியைத் தோளில் சுமந்துகொண்டு ஒருவர் அந்தச் சரிவில் ஏறத்தான் வேண்டியிருக்கிறது.