விருதும் பாத்திரம் கழுவுதலும்

விஞ்ஞானத்துக்கு ஆண், பெண் பேதம் கிடையாது என்கிறார்கள். சரி, அப்போ ராத்திரி பதினோரு மணிவரை ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தவனுக்குச் சோறு ஆக்கிப்போட்டது யார்? விருதுக் குழுக்களுக்கு இந்தக் கேள்வியே எழுவதில்லை. லோரியால் என்கிற அழகுசாதனக் கம்பெனி (முரணைக் கவனியுங்கள்) யுனெஸ்கோவோடு சேர்ந்து 1998 முதல் பெண் விஞ்ஞானிகளுக்கு விருது தருகிறது. 2008இல் அதைப் பெற்ற அடா யோனத், எலிசபெத் பிளாக்பர்ன் இருவருக்கும் 2009இல் நோபலும் கிடைத்தது. தேர்வு சோடைபோகவில்லைதான். என்றாலும் பாதியில் ஆராய்ச்சியை விட்டுப்போனவள் விருதின் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பழ ஈயின் கருவளர்ச்சியை ஆராய்ந்து 1995இல் மருத்துவ நோபலைப் பகிர்ந்துகொண்ட ஜெர்மானியர் கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்ட் வேறு மாதிரி யோசித்தார். 2004இல் அவர் தொடங்கிய அறக்கட்டளை, குழந்தையுள்ள இளம் பெண் ஆய்வாளர்களுக்கு மாதாமாதம் பணம் தருகிறது. எதற்கு? வீட்டுவேலைக்கு ஆள் வைக்க, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள. பதக்கத்தைவிட இதுதான் அரசியல்பூர்வமான காரியமாக எனக்குப் படுகிறது. அடுப்படி உழைப்பும் விஞ்ஞான உற்பத்தியில் அடக்கம் என்பதை இது காசு கொடுத்தே ஒப்புக்கொள்கிறது.

புருஷன் ஏன் பாத்திரம் கழுவக் கூடாது என்பதை மட்டும் அது தொடவில்லை. கூலிக்கு வந்து கழுவுகிறவளும் பெரும்பாலும் இன்னொரு பெண்தான். அவள் பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?